ரோசியின் ஐந்து தையல்கள்

மாசி 20, திங்கள்

இக்குறிப்பேட்டை என்னைத் திறக்கச் செய்தவள் என் மனைவி தாமரை. "காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அது வயித்தப் பாத்து எழுதி வைங்க. நான் ஃபோன்ல கேப்பேன், படிச்சுச் சொல்லணும்" என்று கூறிவிட்டு, நண்பகல் வண்டியில் ஓசூருக்குப் புறப்பட்டுவிட்டாள். அங்கே எங்கள் மகள் யாழினி வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து கிடக்கிறாள். தாமரை திரும்பி வரப் பதினைந்து நாளாகும்.

அவள் குறித்தது எங்கள் பூனையின் வயிற்றை. வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட பெண்பூனை. இரண்டு ஆண்டுகளாக எங்கள் உறையூர் வீட்டில் வளர்கிறது. மூன்று ஈற்றுக்கு மேல் அதன் உடல் தாங்காது என்று தாமரைதான் ஒரு திங்கள் முன்பே மருத்துவமனையில் நாள் குறித்து வைத்திருந்தாள். மகள் விழுந்த செய்தி நேற்று வந்தது. கருப்பையை அகற்றும் அறுவை இன்று காலை முடிந்தது. பக்கத்து வீட்டு ஜெரினாவிடம் பூனையை விட்டுச் செல்லட்டுமா என்று தாமரை கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டு மேடைகளை ஆண்டவனுக்கு ஒரு பூனையைப் பேணத் தெரியாதா என்று நான் கேட்டேன். அவள் பையின் வாயை இழுத்து மூடினாள்.

கால்நடை மருத்துவர் ஹேமா அகவையில் இளையவர், பேச்சில் கண்டிப்பானவர். கழுத்தில் மாட்டிய கூம்பைத் தையல் பிரிக்கும் நாள் வரை கழற்றலாகாது. உணவின்போது மட்டும், கண்முன்னே, கழற்றலாம். உயரத்தில் தாவ விடலாகாது. கழிவுத் தட்டில் மணலுக்கு மாற்றாகக் கிழித்த தாள் இட வேண்டும். மணல் புண்ணில் ஒட்டும். சிவப்பு, வீக்கம், ஈரம், நாற்றம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே கொண்டுவர வேண்டும். "நக்குனா தையல் போச்சு சார். பூனை நாக்கு அரம் மாதிரி" என்றார்.

மாலை: புண் வயிற்றின் நடுவே, நெடுக்கே, இரண்டு விரல் நீளம். நீல நூலில் ஐந்து தையல்கள். விளிம்பு ஒட்டியிருக்கிறது. ஈரமில்லை. மயக்கம் தெளியாமல் எழுந்து நான்கடி நடந்து, கூம்பு சுவரில் முட்ட, அங்கேயே நின்றது. திருப்பிவிட்டேன். மீண்டும் முட்டியது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாமரைக்கும் இதே அறுவைதான் நடந்தது. அப்போது நான் தென்மாவட்டங்களில் நாற்பது நாள் தொடர்பொழிவில் இருந்தேன். சிறிய அறுவை. எல்லாம் நலமாகவே முடிந்தது.

மாசி 21, செவ்வாய்

காலை: தையல் ஐந்தும் நிலையாக உள்ளன. சிறிது வீக்கம், முதல் இரு நாள் இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

மருந்தை ஊசியில்லாக் குழலில் ஏற்றி வாயோரம் செலுத்த வேண்டும். பாதி என் சட்டையில் இறங்கியது. இப்பூனைக்கு நான் இட்ட பெயர் செவ்வந்தி. தாமரை அதை ரோசி என்றே அழைப்பாள். மருத்துவமனை அட்டையிலும் அப்படியே எழுத வைத்திருக்கிறாள். செவ்வந்தி என்று ஒன்பது முறை அழைத்தேன். காதைக் கூட அசைக்கவில்லை. திருமண அழைப்பிதழிலேயே சரோஜாவைத் தாமரை என்று மாற்றியவன் நான். அவள் மறுமொழி கூறாமல் ஏற்றுக்கொண்டாள்; பூனைக்கு அந்தப் பண்பில்லை.

வெள்ளியன்று மகளிர் நாள். புதுக்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் என் பொழிவு. தலைப்பு: தளைகளை உடைப்போம். காலை பத்து மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம். கூடத்தில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன். "எழுக தோழியரே" என்று குரலை உயர்த்திய நொடியில் பூனை கட்டிலுக்கடியில் பாய்ந்தது. கூம்பு கட்டில் காலில் சிக்கிக்கொண்டது. தரையில் படுத்துக் கை நீட்டி, மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கி எடுத்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. புண்ணுக்கு ஊறில்லை.

மாசி 22, புதன்

காலை, மாலை: ஈரமில்லை. வீக்கம் குறைவு. அவித்த மீன் உண்டது. பொழிவை வாய்க்குள்ளேயே பேசிப் பழகினேன்; இப்படிப் பழகியது வாழ்நாளில் இதுவே முதல்முறை.

மாசி 23, வியாழன்

காலை: நன்று.

அமைப்பாளர் கைப்பேசியில் அழைத்து, முக்கால் மணிக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று தயங்கித் தயங்கி நினைவூட்டினார். சிரித்துக்கொண்டேன். பேச்சு நீண்டால் அமைப்பாளர் மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவது வழக்கம். அதைப் பிரிக்காமல், பேச்சின் ஓட்டத்தையும் நிறுத்தாமல் சட்டைப்பைக்குள் இடுவது என் வழக்கம். கூட்டம் அதைக் கண்டு கைதட்டும். இளைய பேச்சாளர்கள் என்னிடம் கற்க விரும்பும் கலைகளுள் அதுவும் ஒன்று. அச்சீட்டுகளை வீடு திரும்பியதும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைப்பேன். நானூறைத் தாண்டியிருக்கும். தாமரை அதைப் பிஸ்கட் டப்பா என்பாள்.

மாலை: கூம்போடு நாள் முழுதும் இடித்துத் திரிகிறது. நீர் குடிக்க முயன்று கிண்ணத்தைக் கவிழ்த்தது. தன் உடலைத் தான் தொட முடியாத ஓர் உயிரை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாசி 24, வெள்ளி

காலை ஏழரை: புண் காய்ந்திருக்கிறது. ஒட்டியிருக்கிறது.

புறப்படுகிறேன். பிற்பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம். கழுத்தில் தளை பூண்ட உயிரை வீட்டில் பூட்டிவிட்டு, ஆயிரம் பெண்கள்முன் நின்று தளைகளை உடையுங்கள் என்று முழங்க என் நெஞ்சு ஒப்பவில்லை. கூம்பைக் கழற்றிவிட்டேன். புண் காய்ந்துவிட்டதால் கேடு வராது. கழற்றியதும் அது உடலை உதறிக்கொண்டு என் காலில் கன்னம் தேய்த்தது. விடுதலையின் முதல் நொடி எப்படியிருக்கும் என்பதை அம்முகத்தில் கண்டேன். பொழிவின் தொடக்கத்தில் இதைச் சேர்த்துக்கொள்வேன். ஜெரினா வந்து சாவி கேட்டாள், தேவையில்லை என்றேன்.

மாலை: தையல் இரண்டு பிரிந்தன. மருத்துவமனைக்குச் சென்று வந்தேன். இன்று இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

மாசி 25, சனி

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் இக்குறிப்பேட்டுக்குப் பொருளில்லை.

பொழிவு மிகச் சிறப்பாக அமைந்தது. முக்கால் மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. பூனையின் கூம்பைக் கழற்றிய கதையைச் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. விருந்துண்டு, படம் எடுத்துக்கொண்டு, நான்கு மணிக்கு வீடு சேர்ந்தேன். வெளியே எங்கள் சாளரத்தருகே ஜெரினா நின்றிருந்தாள். கையில் ஒரு கரண்டி. சாளரக் கம்பியில் அதைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "ரோசி, இங்க பாரு. இங்க பாருடி. நக்காத" என்று அவள் குரல் கம்மிப்போயிருந்தது. பதினோரு மணியிலிருந்து அங்கேயே நிற்கிறாளாம். தட்டும்போது பூனை நிமிர்ந்து பார்க்குமாம். நிறுத்தினால் மீண்டும் குனியுமாம். பூட்டை உடைக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்றாள். தரையில் குருதிச் சொட்டுகள். கீழிரு தையல்கள் இல்லை. பிளந்த இடம் ஒரு சிறிய வாய் போலத் திறந்திருந்தது.

மருத்துவர் ஹேமா விளக்கடியில் புரட்டிப் பார்த்தார். உள்தையல் பிடித்து நிற்பதால்தான் குடல் வெளிவரவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலரை யார் கழட்டுனது?"

"நான்தான்."

"ஏன் சார்?"

காலையில் ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய விடை என்னிடம் இருந்தது. அந்தச் சிறிய அறையில், அந்தப் பூனையின் வயிற்றுக்கு முன்னால், அதைச் சொல்ல முடியவில்லை. மீண்டும் மயக்கமூட்டித் தைத்தார்கள். கெடு பங்குனி ஐந்து வரை நீண்டுவிட்டது. இன்னொருமுறை பிரிந்தால் பிழைப்பது அரிது என்று மருத்துவர் ஒளிக்காமல் கூறினார்.

நேற்று மாலை தாமரை அழைத்துப் புண்ணைப் பற்றிப் படிக்கச் சொன்னாள். காலைக் குறிப்பைப் படித்தேன். காய்ந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறது. "சரி" என்று மட்டும் கூறினாள்.

வீட்டில் நேர்ந்தது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதியில் இறங்கி ஓடி வந்திருப்பேன்.

மாசி 26, ஞாயிறு

காலை: புதுத் தையல் இரண்டைச் சுற்றிச் சிவப்பு. தொட்டால் சீறுகிறது.

புண்ணைத் துடைக்க ஜெரினாவை அழைத்தேன். பூனையைத் துணியில் சுற்றி மடியில் கிடத்தி, வலைத்துணியை மருந்துநீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். செவிலியர் செய்வதுபோல் இருந்தது. எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"எங்க கத்துக்கிட்டேன்? சரோஜாக்காவுக்குச் செஞ்ச பழக்கந்தான்ணே."

எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே அவள் சொல்லிச் சென்றாள். அறுவை முடிந்த எட்டாம் நாள் தாமரையின் தையல் கீழ்முனையில் விட்டுவிட்டதாம். சீழும் காய்ச்சலும். ஜெரினாதான் மூன்றுசக்கரத் தானியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். மீண்டும் தைக்க முடியாது, உள்ளிருந்தே ஆறி வரவேண்டும் என்று மருத்துவர்கள் திறந்தபடி விட்டுவிட்டார்கள். நாளுக்கு இருமுறை புண்ணுக்குள் துணி திணித்து எடுக்க வேண்டும். இருபத்தாறு நாள். "அக்கா தலகாணிய கடிச்சிக்கும். கத்தாது. தெருவுக்குக் கேட்டா ஒங்க பேரு கெட்டுப் போயிருமாம்" என்று சிரித்தாள்.

"ஒங்களுக்கும் ஃபோன் போட்டோமேண்ணே. அண்ணன் மேடையில இருக்காரு, சீட்டு குடுத்துர்றோம்னாங்க."

சீட்டு எதுவும் எனக்கு வரவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"அதான. வந்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டீங்களா" என்றாள்.

மாலை: சிவப்பு குறையவில்லை.

மாசி 27, திங்கள்

காலை: சிவப்பு அப்படியே. ஈரமில்லை. கூம்பு உள்ளது.

பெட்டியை இறக்கினேன். நானூற்றுப் பதினேழு சீட்டுகள். பெரும்பாலானவை "நேரமாகிவிட்டது" என்பவை. எண்ணிக் கழித்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கற்றை வரை இறங்கினேன். கோவில்பட்டிக் கூட்டத்துச் சீட்டு பென்சில் எழுத்தில் இருந்தது: சரோஜாம்மாவுக்குக் காய்ச்சல், தையல் விட்டுவிட்டது, உடனே வீட்டுக்குப் பேசவும்.

அச்சீட்டை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. அன்று கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியதும் அதைப் படித்தேன். மறுநாள் நெல்லை, அதற்கடுத்த நாள் நாகர்கோவில். தாமரை எதையும் தாங்குவாள் என்று எண்ணினேன். மடித்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைச் சீட்டையும் எழுதிவிடுகிறேன். பதினொன்று பத்துக்கு மேடையில் என் கையில் தந்தார்கள். கூட்டம் எதிர்பார்த்தது, பிரிக்காமல் பையில் இட்டேன், கைத்தட்டல். ஆனால் நீர் அருந்தும் சாக்கில் ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். பூனைக்கு ரத்தமாம், வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று இருந்தது. முடிவுரைதான் பாக்கி, பத்து மணித்துளியில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். அதன்பின் ஒன்றேகால் மணி நேரம் பேசினேன்.

மாசி 28, செவ்வாய்

காலை ஐந்தரை முதல் பூனையின் அருகே தரையில் அமர்ந்திருக்கிறேன். குனியும்போதெல்லாம் கரண்டியால் தட்டிலொரு தட்டு. நிமிர்ந்து பார்க்கிறது.

தாமரை அழைத்தாள். இந்த ஏட்டின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் சனிக்கிழமைப் பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் படித்தேன். மாற்றவில்லை, கூட்டவில்லை. படித்து முடித்ததும், "தெரியும். ஜெரினா அன்னிக்கே சொன்னா" என்றாள்.

பிறகு கேட்டாள்: "புதுத் தையல் ரெண்டுக்கும் நடுவுல தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?"

தொட்டேன். மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தது.

"இப்பவே கூட்டிட்டுப் போங்க. எனக்கும் அங்கதான் மொதல்ல சூடு வந்துச்சு. சிவப்பெல்லாம் அப்புறந்தான்."

இவ்வொன்பது ஆண்டுகளில் தன் புண்ணைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் சொற்கள் இவை. பூனைக்காகச் சொன்னவை.

மருத்துவர் ஹேமா அழுத்திப் பார்த்து ஒரு துளி சீழ் எடுத்தார். மருந்தை மாற்றி ஊசி போட்டார். நாளை வந்திருந்தால் பிளந்திருக்கும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வியந்தார். என் மனைவி சொன்னாள் என்றேன். டாக்டரா என்று கேட்டார்.

மாசி 30, வியாழன்

சூடு இறங்கிவிட்டது. சிவப்பு விளிம்பில் மட்டும்.

செவ்வந்தி என்று அழைப்பதை விட்டுவிட்டேன். காலையில் கட்டிலுக்கடியில் இருந்ததை, மெல்லிய குரலில், ரோசி என்று அழைத்தேன். வந்தது.

மதுரையிலிருந்து ஒரு கூட்டத்துக்கு அழைப்பு. பங்குனி நான்காம் நாளாம். வர இயலாது என்றேன். உடல்நலமில்லையா ஐயா என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்குத் தையல் பிரிக்கவில்லை என்றேன்.

பங்குனி 2, சனி

நன்று. மீன். மருந்து முழுதும் உள்ளே சென்றது, சட்டை தூய்மை.

பங்குனி 5, செவ்வாய்

தையல்கள் பிரிக்கப்பட்டன. ஐந்து நீலத் துணுக்குகளையும் மருத்துவர் ஒரு பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். கூம்பைக் கழற்ற நீங்களே வாருங்கள் சார் என்றார். கழற்றினேன். இம்முறை என் உள்ளத்தில் எந்தப் பொழிவும் எழவில்லை. ரோசி என் மடியிலேயே அமர்ந்து தன் வயிற்றை நெடுநேரம் நக்கினாள். யாரும் தட்டவில்லை.

பங்குனி 6, புதன்

பிற்பகல் தாமரை வந்துசேர்ந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன் தரையில் உட்கார்ந்து பூனையைப் புரட்டிப் பார்த்தாள். விரலால் நீவினாள். "நல்லா ஆறிடுச்சு" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா பூனையிடம் சொன்னாளா என்பது விளங்கவில்லை.

மூன்று நாளாக உருவேற்றி வைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தேன். "தாமரை, இன்று உன்முன் ஒரு குற்றவாளியாக" என்று தொடங்கியபோதே குரல் தானாக ஏறிவிட்டது. பூனை கட்டிலுக்கடியில் ஓடியது. தாமரை வாய்பொத்திச் சிரித்தாள்.

"மெதுவா. அது பயப்படுது."

உட்கார்ந்தேன். கோவில்பட்டிச் சீட்டை எடுத்து அவள் கையில் தந்தேன். பிரிக்காமலே வைத்திருந்தாள்.

"படிச்சிருக்கேன்."

எப்போது என்றேன்.

"அது வந்த வருசமே. அந்த பிஸ்கட் டப்பாவத் தொடச்சு வைக்கிறது யாருன்னு நெனச்சீங்க?"

எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவள் அதைத் துடைத்து, மூடி, அதே இடத்தில் வைத்திருக்கிறாள். ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா பேசுவீங்க."

அதற்குப்பின் நான் பேசவில்லை. ரோசி வெளியே வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள். அதன் முதுகைத் தடவியபடியே தாமரை சொல்லத் தொடங்கினாள். எட்டாம் நாள் காலை குளியலறையில் புடவையின் முன்பக்கம் நனைந்திருந்ததிலிருந்து தொடங்கினாள். ஜெரினாவின் கை நடுங்கியது, மூன்றாம் நாளிலிருந்து நடுங்காதது, திணித்த துணியை இழுக்கும்போது எண்ணிய எண்கள், யாழினிக்குத் தெரியாமல் தலையணை உறையை மாற்றியது. இடையில் இருமுறை என் வாய் திறந்தது. இருமுறையும் மூடிக்கொண்டேன். வெளியே வெயில் சாயும் வரை அவள் பேசினாள். யாரும் சீட்டு அனுப்பவில்லை.

அவள் முடித்தபின் ஒன்று மட்டும் கேட்டேன். பூனையின் புண் நெடுக்கே, இரண்டு விரல் நீளம், ஐந்து தையல் என்று எனக்குத் தெரியும்; உன்னுடையது நெடுக்கா, குறுக்கா என்பது கூடத் தெரியாது; பார்க்கலாமா என்று கேட்டேன்.

என்னை நெடுநேரம் பார்த்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பங்குனி 7, வியாழன்

காலை.

ரோசி: தையலின் தடம் வெளிர்சிவப்புக் கோடு. காய்ந்திருக்கிறது. சுற்றிலும் மயிர் அரும்புகிறது. நாற்காலிமேல் தாவினாள், தடுக்கவில்லை.

சரோஜா: தொப்புளுக்குக் கீழே, நெடுக்கே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மேற்பகுதி மெல்லிய வெண்கோடு. கீழ்முனையில், சீழ் வடிந்த இடத்தில், சுண்டுவிரல் நுனி அமரும் அளவுக்கு ஒரு குழி. மழைநாளில் இழுக்கும் என்றாள்.